ஜீவனிப் பக்கெட்டும் கலமென்சவ்வும்

1967ஆம் ஆண்டு மாரியில், பெரியநீலாவணையில் எங்கள் வீட்டில், என் தங்கச்சி மௌத்தானாள். அவளுக்கு வயது ஒன்றரை. வயிற்றோட்டம் தொடங்கி இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளும் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. முதல்நாள் அழுதாள். அடுத்த நாள் கண்ணீர் வராமல் அழுதாள். "தண்ணி குடுக்காத புள்ள, குடுக்கக் குடுக்கத்தான் வயித்தால போகும்" என்று மூத்தம்மா உம்மாவைத் தடுத்துக்கொண்டிருந்தா. உம்மா நனைத்த சீலைத் துண்டை அவளின் உதட்டில் மட்டும் வைத்து வைத்து எடுத்தா.

மூத்தம்மாவை நான் குறை சொல்லவில்லை. பத்துப் பதினைந்து பிள்ளைகளை வளர்த்துவிட்ட கை அது. அவ வைத்திருந்தது ஒரு கணக்கு. உள்ளே ஊற்றுவதுதான் வெளியே வருகிறது, ஊற்றுவதை நிறுத்தினால் வருவதும் நிற்கும். ஓட்டைக் குடத்துக்கு அந்தக் கணக்கு சரி. குடல் குடமல்ல என்பதைச் சொல்ல அன்றைக்கு எங்கள் தெருவில் ஒருவரும் இருக்கவில்லை. நான் பின்னாளில் விஞ்ஞான ஆசிரியனாகி, முப்பது வருடம் கலமென்சவ்வைப் படிப்பித்தேன். கரும்பலகையில் இரண்டு வரிசை வட்டம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வால் என்று கீறி, பெயர் குறித்து, பரீட்சைக்கு எழுதப் பழக்கிவிட்டால் பாடம் முடிந்தது. அந்தப் படத்துக்கும் தங்கச்சியின் மௌத்துக்கும் உள்ள தொடர்பு எனக்கே மிகப் பிந்தித்தான் விளங்கியது. அதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியத் தமிழ்ப் புத்தகங்களில் 'செல்' என்பார்கள், உயிரணு என்றும் சொல்வார்கள். எங்கள் பாடநூல்களில் 'கலம்'. நல்ல சொல்தான். ஆனால் கலம் என்றால் பாத்திரம், தோணி என்றும் பொருள் வருவதால், கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வை ஒரு பாத்திரத்தின் சுவராகவே பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பதைச் சிந்தாமல் வைத்திருப்பது மட்டும்தான் அதன் வேலை என்ற நினைப்பு. மூத்தம்மாவின் குடமும் இதுவும் ஒன்றுதான்.

மென்சவ்வின் தடிப்பு 7 அல்லது 8 நனோமீற்றர் அளவில் இருக்கும். பத்தாயிரம் மென்சவ்வுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிப்புக்குக் கிட்ட வரும். அது பெரும்பாலும் பொசுபோலிப்பிட்டு என்ற கொழுப்பு வகையால் ஆனது. இந்த மூலக்கூற்றின் தலை தண்ணீரை விரும்பும், வால் தண்ணீரை வெறுக்கும். மீன் பொரித்த சட்டியில் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் தனியே திரண்டு நிற்கிறதல்லவா, அதே வெறுப்புத்தான். உடம்புக்குள்ளோ எங்கும் தண்ணீர். ஆகவே இந்த மூலக்கூறுகள் வாலோடு வாலைச் சேர்த்து, தலைகளை இரண்டு பக்கத் தண்ணீருக்கும் காட்டிக்கொண்டு இரட்டை வரிசையாக நிற்கின்றன. யாரும் கட்டத் தேவையில்லை, தானாகவே அப்படி அமைந்துவிடும்.

இரட்டை வரிசை என்று முதலில் கண்டவர்கள் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரு ஒல்லாந்தர்கள். செங்குழியங்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீர்மேல் பரப்பி அளந்தார்கள். குழியங்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு பரப்பு வந்தது. ஆண்டு 1925. அவர்கள் கொழுப்பை முழுவதும் பிரித்தெடுக்கவுமில்லை, குழியத்தின் பரப்பைச் சரியாகக் கணக்கிடவுமில்லை என்று பிறகு தெரியவந்தது. இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்து விடை சரியாகிவிட்டது! பரீட்சைத் தாள் திருத்துகிறவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.

மருதமுனை எங்கள் பக்கத்து ஊர் என்பதால் பிள்ளைகளுக்குத் தறித்துணி பழக்கம். "சேர், மென்சவ்வு சாறன் துணி மாதிரியா? சின்னது ஓட்டையால போகும், பெரிசு நிண்டிரும்?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும். கேள்வி நல்லது, விடை இல்லை என்பதுதான். துணியும் அரிதட்டும் பருமனைப் பார்த்துப் பிரிப்பவை. மென்சவ்வு அப்படிப் பார்ப்பதில்லை. ஸ்டீரொயிட்டு ஓமோன் ஒரு பெரிய மூலக்கூறு, எண்ணெயோடு சேரக்கூடியது என்பதால் நேரே ஊடுருவிப் போய்விடும். சோடியம் அயன் அதைவிட மிகச் சிறியது. ஆனால் அது மின்னேற்றம் கொண்டது, தண்ணீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டு திரிவது. அந்தக் கோலத்தில் எண்ணெய்ப் படைக்குள் அதனால் இறங்கவே முடியாது. ஒட்சிசன் போகும், காபனீரொட்சைட்டு போகும். உப்புப் போகாது, குளுக்கோசும் போகாது.

துணி போலில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துணியில் நெய்த நூல் நெய்த இடத்திலேயே கிடக்கும். மென்சவ்வில் ஒன்றும் ஓரிடத்தில் நிற்பதில்லை. கொழுப்பு மூலக்கூறுகள் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கின்றன, அவற்றுக்கு நடுவே புரதங்கள் மிதக்கின்றன. சிங்கர், நிக்கல்சன் என்ற இருவர் 1972இல் முன்வைத்த இந்த மாதிரியைத்தான் இன்றும் படிப்பிக்கிறோம். அந்தப் புரதங்கள்தாம் மென்சவ்வின் கதவுகள். தண்ணீருக்கென்றே ஒரு கதவு உண்டு. அதை 1992இல் அடையாளம் காட்டிய பீற்றர் ஏகருக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஒரு கதவால் ஒரு செக்கனில் ஏறத்தாழ 300 கோடித் தண்ணீர் மூலக்கூறுகள் போகும். சோடியத்துக்கு ஒரு பம்பி இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும், அதற்குக் கலம் தன் சக்தியைச் செலவழிக்கும். 1957இல் டென்மார்க் நாட்டவரான ஸ்கோ இதைக் கண்டுபிடித்தார். இந்தப் பம்பி இராப்பகலாக ஓடுவதால் கலத்துக்கு வெளியே சோடியம் நிறைந்தும், உள்ளே குறைந்தும் இருக்கிறது. இந்தக் குறைவை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதை அதில்தான் வந்து நிற்கப்போகிறது.

தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? கரைந்த பொருள் கூடிய பக்கத்துக்குப் போகும். இதுதான் பிரசாரணம். கடற்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. மீனைக் கீறி உப்பிட்டு வைத்தால் சிறிது நேரத்தில் சட்டியில் தண்ணீர் நிற்கும். மீனின் கலங்களிலிருந்து மட்டுமல்ல, மீனைக் கெடுக்க வரும் பற்றீரியாவின் கலத்திலிருந்தும் உப்புத் தண்ணீரை இழுத்துவிடும். கருவாடு கெடாமல் கிடப்பது அதனால்தான். கடல்நீர் குடித்தால் தாகம் தீராததற்கும் காரணம் இதுவே. ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. எங்கள் குருதியின் செறிவு லீற்றருக்கு 9 கிராம் உப்புக் கரைசலுக்குச் சமம். கடல்நீரின் உப்பைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டுமானால், குடித்த நீரைவிடக் கூடுதலான நீரைச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

இனிக் குடலுக்கு வருவோம்.

நாங்கள் ஒரு நாளைக்குக் குடிப்பதும் உண்பதுமாகச் சுமார் 2 லீற்றர் தண்ணீர் குடலுக்குப் போகிறது. உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், குடற்சாறு என்று உடம்பே இன்னும் ஏறத்தாழ 7 லீற்றரை உள்ளே விடுகிறது. இந்த 9 லீற்றரில் மலத்தோடு வெளியே போவது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுதான். மிச்சம் முழுவதையும் குடற்சுவரின் கலங்கள் திருப்பி எடுத்துவிடுகின்றன. மூத்தம்மாவின் கணக்கு எங்கே பிழைத்தது என்பது இப்போது தெரியும். வாயால் ஒரு சொட்டும் கொடுக்காவிட்டாலும் குடலுக்குள் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். அது உடம்பின் சொந்தத் தண்ணீர், குருதியிலிருந்து வருவது.

வாந்திபேதி என்று நாங்கள் சொல்லும் கொலறாவில் நடப்பதைப் பாருங்கள். அந்தக் கிருமி குடற்சுவரைத் துளைப்பதில்லை. அது ஒரு நஞ்சை விடுகிறது. கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற ஆராய்ச்சியாளர் 1959இல் இதை நிறுவினார். அந்த நஞ்சு கலத்துக்குள் போய், மென்சவ்விலுள்ள குளோரைட்டுக் கதவைத் திறந்தபடியே இருக்கச் செய்கிறது. குளோரைட்டு குடலுக்குள் கொட்டுகிறது, சோடியம் அதன் பின்னால் போகிறது, தண்ணீர் இரண்டின் பின்னாலும் போகிறது. கடுமையான நோயில் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் வரை இழக்கக்கூடும். உப்பை மட்டும் உள்ளே இழுக்கும் வழியையும் அந்த நஞ்சு கெடுத்துவிடுகிறது. அதனால் வெறும் தண்ணீரோ உப்புத்தண்ணீரோ குடித்தால் அவ்வளவாக உள்ளே ஏறாது. "குடுத்தாலும் போகுதே" என்று மூத்தம்மா கண்டது பொய்யில்லை.

ஆனால் அந்த நஞ்சு கைவைக்காத ஒரு கதவு இருக்கிறது. சிறுகுடலின் சடைமுளைகளில் உள்ள கலங்களின் மென்சவ்வில் ஒரு புரதம். அதில் குளுக்கோசுக்கு ஓர் ஆசனம், சோடியத்துக்கு இரண்டு ஆசனம். சோடியம் ஏறினால்தான் குளுக்கோசு ஏற முடியும், இரண்டும் ஏறினால்தான் புரதம் திரும்பி உட்பக்கம் இறக்கிவிடும். கலத்துக்குள் சோடியம் குறைவு என்று முன்னர் சொன்னேனே, சோடியம் உள்ளே பாயத் துடிப்பது அதனால்தான். பாயும்போது குளுக்கோசையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஆட்டோவில் மூன்று பேர் சேர்ந்தால்தான் எடுப்பேன் என்று கல்முனைச் சந்தியில் நிற்கிற சாரதியைப் போல. உப்பும் சீனியும் உள்ளே போனால் பிரசாரணப்படி தண்ணீரும் பின்னால் போயே ஆகவேண்டும். 1960இல் பிராக் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் றொபேட் கிரேன் என்பவர் இந்தச் சோடிப் பயணத்தை முதன்முதல் முன்வைத்தார். அவர் நோய்க்கு மருந்து தேடியவரல்ல. சீனி எப்படிக் குடலால் உறிஞ்சப்படுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்.

மென்சவ்வில் கண்ட ஒரு கதவு மருந்தாக மாறியது எங்கள் வங்காள விரிகுடாவின் வடகரையில். அதற்கு முன் ஒரு பிழையும் நடந்தது. 1962இல் மணிலாவில் ஒரு பரிசோதனையில் கொடுத்த கரைசல் செறிவு கூடிப்போய்ச் சில நோயாளிகள் இறந்துபோனார்கள். அதனால் ஆராய்ச்சியாளர்கள் பயந்து நின்ற காலமும் உண்டு. 1968இல் டாக்காவின் கொலறா ஆய்வுகூடத்தில் டேவிட் நேலின், ரிச்சட் காஷ் என்ற இரு இளம் அமெரிக்க மருத்துவர்களும், ரஃபீகுல் இஸ்லாம் உள்ளிட்ட வங்காள மருத்துவர்களும் சேர்ந்து, இழந்த அளவுக்குச் சமமாக உப்பு–குளுக்கோசுக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். ஊசி வழியாக ஏற்ற வேண்டிய சேலைனின் தேவை ஏறத்தாழ ஐந்திலொன்றாகக் குறைந்தது.

பிறகு 1971 வந்தது. கிழக்குப் பாகிஸ்தான் யுத்தத்தில் இலட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு ஓடினார்கள். பொங்கான் என்ற எல்லை ஊரின் அகதி முகாமில் கொலறா பரவியது. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள், ஏற்றச் சேலைன் இல்லை. டொக்டர் திலீப் மகாலனோபிஸ் ஒரு லீற்றருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் சோடியம் இருகாபனேற்று என்று நிறுத்து, பைகளில் அடைத்து, பீப்பாக்களில் கரைத்து, நோயாளிகளின் வீட்டாரிடமே கோப்பையைக் கொடுத்துவிட்டார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அவருடைய பொறுப்பிலிருந்தவர்களில் இறந்தது நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. அவர் காலமானது 2022இல். இந்தியா பத்ம விபூஷண் கொடுத்தது அதற்குப் பிறகு, 2023இல். உயிரோடிருக்கும்போது கொடுத்திருக்கலாம்.

பங்களாதேஷில் பிரக் என்ற நிறுவனம் 1980 தொடங்கிப் பத்தாண்டுகளில் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பெண்களை அனுப்பி, மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் என்று உம்மாமாருக்குப் பழக்கியது. அந்தப் பெண்களின் சம்பளம் எத்தனை வீடு போனார்கள் என்பதை வைத்துக் கணக்கிடப்படவில்லை. பழகிய உம்மா பிறகு எவ்வளவைச் சரியாகச் சொன்னா என்பதை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். எங்கள் ஆசிரியர்களுக்கும் இப்படியொரு முறை வந்தால் என்னாகும் என்று நான் யோசித்ததுண்டு.

அதே கரைசல்தான் எங்கள் நாட்டில் ஜீவனி என்ற பெயரில் பக்கெட்டாக வருகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2002இல் திருத்திய அளவு இது: ஒரு லீற்றருக்குக் குளுக்கோசு 13.5 கிராம், கறியுப்பு 2.6, பொற்றாசியம் குளோரைட்டு 1.5, சோடியம் சித்திரேற்று 2.9. முந்திய அளவைவிடச் செறிவு குறைவு. இந்த எண்களைக் கணித்துப் பார்த்தால் சோடியமும் குளுக்கோசும் மூலக்கூற்றுக் கணக்கில் ஒன்றுக்கொன்று சமமாக வரும். அந்தக் கதவுக்கு ஏற்றபடி அளந்த உப்பும் சீனியும்.

இங்கேதான் எங்கள் ஊரில் நான் காணும் பிழைகளைச் சொல்ல வேண்டும். ஒரு லீற்றருக்கான பக்கெட்டை ஒரு கோப்பையில் கரைத்து "நல்லாப் பிடிக்கட்டும்" என்று கொடுக்கிறார்கள். செறிவு கூடினால் குடலின் பக்கம் உப்பும் சீனியும் கூடி, தண்ணீர் கலத்திலிருந்து வெளியே இழுபடும். மணிலாவில் நடந்த பிழையின் சின்ன வடிவம் இது. பிள்ளை குடிக்கமாட்டேன் என்றால் மேலும் இரண்டு கரண்டி சீனி போடுகிறார்கள். போத்தல் சோடாவும் இதே வேலையைத்தான் செய்யும், அதில் சீனி மிதமிஞ்சி இருக்கிறது, உப்பு இல்லை. பிளேன்டீ மட்டும் கொடுத்தால் சீனிக்குச் சோடி இல்லை.

சுனாமிக்குப் பிறகு இன்னொன்றையும் கண்டேன். 2004 டிசம்பர் 26க்குப் பின் பெரியநீலாவணையிலிருந்து தெற்கே கரையோரம் முழுதும் கிணறுகளுக்குள் கடல் புகுந்திருந்தது. எங்கள் மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும் ஒரு படைதான். அவசரப்பட்டு அடியோடு இறைத்தவர்களின் கிணற்றில் கீழிருந்த உவர்நீரே மேலே வந்தது. முகாமில் ஒரு தாய் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி அதில் ஜீவனி கரைத்துக்கொண்டிருந்தா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. கரைசல் அளவுக்கு மிஞ்சி உப்பாகிவிடும். "இது வேணாம் தங்கச்சி, பவுசர்ல வந்த தண்ணியில கரைங்க" என்று சொல்லி, என் போத்தலைக் கொடுத்தேன். கோடையில் கரையோரக் கிணறு உவர்க்கும் வீடுகளுக்கு இன்றைக்கும் இது பொருந்தும்.

பக்கெட் இல்லாத நேரத்தில் உப்பிட்ட சோற்றுக் கஞ்சி நல்லது. சோற்றின் மாப்பொருள் குடலில் சமிபாடடைந்து குளுக்கோசாகத்தான் மாறுகிறது. அரிசிக் கரைசல் கொலறாவில் நன்றாக வேலை செய்கிறது என்று டாக்கா ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. நோன்புக் கஞ்சிக்கும் இந்த இயல்பு உண்டு. உடனே "அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று எழுத நான் வரவில்லை. அதேபோல, இரு கடல்களுக்கிடையிலான தடுப்பைப் பற்றிய வசனத்தை மென்சவ்வோடு பொருத்திச் சிலர் பயான் செய்வதைக் கேட்டிருக்கிறேன். தப்சீர் தெரிந்தவர்கள் பேசட்டும். நான் அறிந்தவரையில் மென்சவ்வு தடுப்பது பாதி வேலைதான், விடுவது மறுபாதி.

என் மூத்த மகனுக்கு வயிற்றோட்டம் வந்தபோது முதன்முதலாக வீட்டில் ஜீவனி கரைத்தேன். உம்மா பாயில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. "இதுக்குள்ள என்ன மனெ கிடக்கு?" என்று கேட்டா. "உப்பும் சீனியும்தான் உம்மா." "வேறொண்டும் இல்லியா?" "வேறொண்டும் பெரிசா இல்ல." அவ கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுகா கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, பேரனுக்குத் தானே பருக்கத் தொடங்கினா. அன்றிரவு முழுக்க அந்தக் கரண்டியை யாரிடமும் கொடுக்கவில்லை.

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர், அதைவிடப் பெரிய பிள்ளைக்கு 100 முதல் 200 கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக மீண்டும் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. கரைத்தது 24 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் ஊற்றிவிட வேண்டும். பக்கெட்டில் எத்தனை மில்லிலீற்றர் என்று போட்டிருக்கிறதோ அத்தனையும் அளந்து ஊற்றுங்கள். வைத்தியர் நாகம் குளிசை தந்தால் வயிற்றோட்டம் நின்ற பிறகும் அவர் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். கண் குழிவிழுந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பினால், மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை மயங்கிச் சோர்ந்தால், வீட்டில் வைத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிள்ளை விழிப்பாக, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் போகிற வழியிலும் கரண்டியால் பருக்கிக்கொண்டே போங்கள்.